டர்போ மீது விழுந்த பழி

எஞ்சினில் பழுது, வாகனத்தைப் பரிசோதிக்கவும். என் காரின் மீட்டர் பலகையில் ஆங்கிலத்தில் வரும் வாசகத்தின் சாரம் இதுதான். கூடவே, எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கும் எரியும். அந்த நொடியிலிருந்து ஆக்சிலரேட்டரைத் தரைவரை மிதித்தாலும் வண்டி 2,500 ஆர்பிஎம்மைத் தாண்டாது. பின்னால் வரும் லாரிக்காரர் ஹாரனால் திட்டுவார். ஓரங்கட்டி, சாவியைத் திருப்பி அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் எதுவுமே நடக்காததுபோல இழுக்கும். விளக்கு மட்டும் அணையாது.

2014ஆம் ஆண்டு மாடல், 1.5 லிட்டர் டீசல் செடான். 92,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு என்னிடம் வந்தது. கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. கோளாறு கம்பெனியால் வந்ததல்ல. தவிர, டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் காற்றாடி) வைத்த டீசல் கார்களில் இந்த அமைப்பு ஏறக்குறைய ஒன்றேதான். நான் கோவையில் ஒரு நூற்பாலையின் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். கார் மெக்கானிக் அல்ல. ஆனால் அழுத்தக் காற்றோடு வெகுநாள் பழக்கம். நூல் சுற்றும் ஆட்டோகோனர் எந்திரங்களுக்குக் காற்று கொண்டுபோகும் குழாய்களில் எங்கே கசிகிறது என்று சோப்புத் தண்ணீரும் பிரஷுமாக அலைவது என் வேலையில் ஒரு பாதி. அந்தப் பழக்கம்தான் இந்த விஷயத்தில் கைகொடுத்தது.

பழைய கார் வாங்கியவர்கள் எல்லோரும் சொல்லும் புகார், ‘வண்டி இழுக்கவில்லை’ என்பது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு எந்த மெக்கானிக்காலும் ஒன்றும் செய்ய முடியாது. எப்போது இழுக்கவில்லை, எந்த கியரில், எவ்வளவு நேரம் மிதித்த பிறகு, எஞ்சின் சூடாகவா குளிர்ந்தா என்று குறித்து வைத்துக்கொண்டால்தான் பாதி வேலை முடியும். என் வண்டி நகரத்துக்குள் தங்கம். அவிநாசி சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் ஓட்டும்போது ஒருநாளும் முரண்டு பிடித்ததில்லை. நீலம்பூர்–மதுக்கரை பைபாஸில் கன்டெய்னர் லாரியை முந்துவதற்காக மூன்றாவது கியரில் நீளமாக மிதித்தால் போதும், விளக்கு வந்துவிடும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில், ஒன்பதாவது வளைவில் இருக்கும் காட்சிமுனையை எட்டும் முன்பே அது தவறாமல் வந்துவிடும். அதாவது, பாரம் ஏறும்போது மட்டும் வருகிற கோளாறு. வந்தபின் எஞ்சின் தன்னைத்தானே அடக்கிக்கொள்கிறது. இதை ‘லிம்ப் மோட்’ என்பார்கள். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி, தான் டர்போவிடம் கேட்ட காற்றழுத்தமும் கிடைத்த அழுத்தமும் சில விநாடிகளுக்கு மேல் ஒத்துப்போகாவிட்டால், டீசலைக் குறைத்து வண்டியை வீட்டுக்குப் போகும் அளவுக்கு மட்டும் ஓடவிடும். இது எஞ்சினைக் காப்பதற்காகச் செய்து வைத்த ஏற்பாடு. நடு ரோட்டில் முந்திக்கொண்டிருப்பவனைக் காப்பதற்காக அல்ல.

முதலில் போன பட்டறையில் ஸ்கேனரைச் செருகினார்கள். இரண்டு நிமிடத்தில் தீர்ப்பு வந்தது.

“சார், பி0299. டர்போ பிரஷர் இல்லை. டர்போ போய்விட்டது.”

“டர்போவைக் கழற்றிப் பார்க்க வேண்டாமா அண்ணா?”

“ஸ்கேனரே சொல்லும்போது கழற்றி என்ன பார்ப்பது? புதிதாகப் போட்டால் 68,000 ஆகும். ரீகண்டிஷன் வேண்டுமென்றால் குறைத்துப் பார்க்கலாம்.”

ஸ்கேனர் அப்படிச் சொல்லவே இல்லை. பழுதுக் குறியீடுகளை எழுத்துக் கூட்டிப் படிப்பது ஒன்றும் பெரிய வித்தை அல்ல. முதல் எழுத்து பி (P) என்றால் எஞ்சினும் கியரும் சார்ந்தது. சி என்றால் பிரேக், ஸ்டீயரிங் வகை. இன்னொரு பி (B) உண்டு, குழப்பம் வேண்டாமென்று அதை ‘பாடி’ என்றே சொல்லிவிடுகிறேன், அது கதவு, ஏர்பேக், ஏசி வகை. யூ என்றால் கணினிகளுக்கு இடையிலான தகவல் தொடர்பு. அடுத்த இலக்கம் சுழியம் என்றால் எல்லா கம்பெனிக்கும் பொதுவான குறியீடு, ஒன்று என்றால் அந்தந்த கம்பெனி தனக்கென்று வைத்துக்கொண்டது. பி0299 பொதுவானது. அதன் பொருள், எதிர்பார்த்ததைவிட டர்போ அழுத்தம் குறைவு என்பது மட்டுமே. ஏன் குறைந்தது என்பதற்கு அதில் ஓர் எழுத்துகூட இல்லை. டர்போவின் இறக்கை தேய்ந்திருக்கலாம். டர்போவைக் கட்டுப்படுத்தும் மெல்லிய வேக்யூம் (வெற்றிட) குழாய் வெடித்திருக்கலாம். அதைத் திறந்து மூடும் சோலனாய்டு என்ற மின் வால்வு சிக்கியிருக்கலாம். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய் கிழிந்திருக்கலாம். சைலன்சர் பக்கம் அடைப்பு இருக்கலாம். அழுத்தத்தை அளக்கும் சென்சாரே பொய் சொல்லலாம். இத்தனை பேரில் விலை அதிகமானவரை முதலில் கைது செய்வது நம் ஊர் பட்டறைகளின் வழக்கம்.

எஸ்டிமேட் சீட்டை வாங்கிக்கொண்டு, எதையும் அழிக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன். இது முக்கியம். குறியீட்டை அழித்தால், கோளாறு நேர்ந்த கணத்தில் கணினி சேமித்து வைத்த அளவுகளும் சேர்ந்து அழிந்துவிடும். என் வண்டியில் அந்தப் பதிவு இப்படி இருந்தது: 2,640 ஆர்பிஎம், எஞ்சின் பாரம் 96 சதவீதம், கூலன்ட் சூடு 88 டிகிரி. ‘ஏறும்போது வருகிறது’ என்று நான் வாயால் சொன்னதை, அது எண்ணில் எழுதி வைத்திருந்தது.

இதைப் பார்க்க பட்டறை தேவையில்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் படும் இடத்தில் 16 ஊசித் துளைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அமெரிக்காவில் 1996 முதலும் இந்தியாவில் 2013 முதலும் வந்த கார்களில் ஓபிடி-2 என்ற இந்தப் பழுதறியும் முறை கட்டாயம். புளூடூத் அடாப்டர் ஒன்றைச் செருகி, கைப்பேசியில் ஒரு செயலியைப் போட்டால் எண்கள் ஓடத் தொடங்கும். கடைகளில் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலானவை ஈஎல்எம்327 என்ற சிப்பின் போலிகள். பெட்டியின் மேல் போட்டிருக்கும் பதிப்பு எண்ணை நம்ப வேண்டாம். சிலவற்றில் பாதிக் கட்டளைகள் வேலை செய்யாது. ஐபோன் வைத்திருப்பவர்கள் பழைய வகை புளூடூத் அடாப்டரை வாங்கி ஏமாற வேண்டாம், வைஃபை வகையோ புளூடூத் லோ எனர்ஜி வகையோதான் சரிவரும். வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். அந்த சாக்கெட்டுக்கு பேட்டரியிலிருந்து நேரடி இணைப்பு உண்டு. நிறுத்தியே வைத்திருக்கும் காரில் அடாப்டர் கொஞ்சம் கொஞ்சமாக பேட்டரியைக் குடிக்கும்.

எண்களுக்குப் போகும் முன் சில்லறைச் சந்தேகங்களைத் தீர்த்துக்கொண்டேன். ஆர்பிஎம் ஏறி, வேகம் ஏறாவிட்டால் அது கிளட்ச் வழுக்கல். என் வண்டியில் ஆர்பிஎம்மே ஏறவில்லை. டீசல் ஃபில்டர் அடைத்திருந்தால் டீசல் போகும் ரெயில் குழாயில் அழுத்தம் குறைவதாக பி0087 வந்திருக்கும், வரவில்லை. பேட்டரி நின்ற நிலையில் 12.6 வோல்ட், ஓடும்போது 14.1. பேட்டரி செத்துக்கொண்டிருந்தால் சம்பந்தமில்லாத யூ வகைக் குறியீடுகள் பத்துப் பதினைந்து வரிசையாக வரும். அப்படி ஒரு பட்டியலைப் பார்த்துப் பயந்து, இரண்டு கணினிகளை மாற்றத் தயாராக இருந்த ஒருவரை எங்கள் ஆலையிலேயே தெரியும். ஏர் ஃபில்டர் புதியது.

இனி அழுத்தம். சாவியைப் போட்டு, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் உள்ளிழுக்கும் காற்றின் அழுத்தத்தைப் பார்த்தேன்: 96 கிலோபாஸ்கல். எஞ்சின் ஓடாதபோது அந்த சென்சார் வெளிக்காற்றைத்தான் அளக்கும். கடல் மட்டத்தில் 101 இருக்க வேண்டும். கோவை நானூறு மீட்டருக்குச் சற்று மேலே இருப்பதால் 96, 97 என்பது சரியான கணக்கு. ஆக, சென்சார் யோக்கியமானது. காசு செலவில்லாமல் ஒரு சந்தேக நபரை விடுவிக்கும் இந்தச் சோதனையைப் பட்டறைகளில் யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

அடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டிக்கொண்டே கைப்பேசியைப் பார்ப்பது தற்கொலை. அதனால் ஞாயிறு காலை ஆறு மணிக்கு பைபாஸில் என் மனைவி ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். செயலியில் நான்கே நான்கு அளவுகள்: ஆர்பிஎம், ஆக்சிலரேட்டர் நிலை, காற்றழுத்தம், உள்ளே போகும் காற்றின் எடை. அதிகம் தேர்ந்தெடுத்தால் மலிவு அடாப்டர் திணறி, ஒவ்வோர் எண்ணையும் தாமதமாகத் தரும். மூன்றாவது கியரில் 1,500இலிருந்து முழுதாக மிதிக்கச் சொன்னேன். லிம்ப் மோட் விழும் முன் கிடைக்கும் அந்தச் சில விநாடிகள்தான் நமக்குச் சாட்சி. விழுந்த பின் வரும் எண்களுக்கு மதிப்பில்லை.

2,500 ஆர்பிஎம்மில் அழுத்தம் 148 கிலோபாஸ்கல். இந்த வகை எஞ்சினில் 200ஐத் தாண்டியிருக்க வேண்டும். குறைவுதான், குறியீடு சொன்னது உண்மைதான். ஆனால் பக்கத்து எண் வேறு கதை சொன்னது. ஏர் ஃபில்டரை ஒட்டி இருக்கும் சென்சார், விநாடிக்கு 58 கிராம் காற்று உள்ளே போவதாகக் காட்டியது.

இங்கே கொஞ்சம் கணக்கு. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவு காற்றை விழுங்கும். 1.5 லிட்டர் எஞ்சின் 2,500 சுற்றில் நிமிடத்துக்கு 1,875 லிட்டர், விநாடிக்கு 31 லிட்டர். 148 கிலோபாஸ்கல் அழுத்தத்தில், இன்டர்கூலரைத் தாண்டி ஐம்பது டிகிரி சூட்டில் இருக்கும் காற்று லிட்டருக்கு 1.6 கிராம். எஞ்சின் நூற்றுக்கு நூறு நிரம்பாது, 88 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 44, 45 கிராம் வரும். ரேஷன் கடைக்கு 58 மூட்டை வந்ததாக ரசீது இருக்கிறது. அட்டைதாரர்களுக்குப் போய்ச் சேர்ந்தது 45. நடுவில் 13 எங்கே போனது?

டர்போ உண்மையிலேயே செத்திருந்தால் இரண்டு எண்களும் சேர்ந்து குறைந்திருக்கும். அது காற்றை இழுக்கவே இல்லையே. இங்கே இழுக்கிறது, நன்றாகவே இழுக்கிறது. இழுத்த காற்று எஞ்சினுக்குப் போகும் வழியில் வெளியேறுகிறது. மிதிக்கும்போதெல்லாம் பின்னால் கரும்புகை வந்ததற்கும் இதுவே விளக்கம்: உள்ளே வந்த 58 கிராமை நம்பிக் கணினி டீசலை அளந்து கொடுக்கிறது, எரிவதற்கு 45 கிராம் காற்றுதான் இருக்கிறது, மிச்ச டீசல் கரியாக வெளியே வருகிறது. பின்னால் வந்த லாரிக்காரரின் கோபத்தில் நியாயம் உண்டு.

“கண்ணாடியை இறக்குங்கள், ஏதோ சீறுகிறது” என்றார் மனைவி. பைபாஸில் திறந்தவெளி என்பதால் எனக்குக் கேட்கவில்லை. திரும்பும் வழியில் ஒரு குடோனின் நீண்ட மதிலை ஒட்டி இரண்டாவது கியரில் மிதித்தபோது, சுவரில் பட்டுத் திரும்பிய சத்தம் தெளிவாகக் கேட்டது. ‘புஸ்ஸ்’ என்று, மிதித்தால் மட்டும். காலை எடுத்தால் நின்றுவிடும். இது விலை இல்லாத சோதனை. மதில் மட்டும் வேண்டும்.

வீட்டுக்கு வந்து, கீழே இருக்கும் பிளாஸ்டிக் தட்டைக் கழற்றினேன். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாயின் அடிப்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு, அதில் ஒட்டிய தூசி. டர்போ வழியாகக் கொஞ்சம் ஆயில் ஆவி எப்போதும் வரும். கசியும் இடத்தில் அது வெளியே வந்து மையிட்டதுபோல அடையாளம் வைத்துவிடும். கண்ணால் பார்த்தால் கிழிசல் தெரியவில்லை. கையால் அழுத்திப் பார்த்தும் தெரியவில்லை. அழுத்தம் ஏறினால்தான் வாய் திறக்கும் வகை.

அதற்கு ஆலை வித்தை. குழாயை டர்போ பக்கம் கழற்றி, அதன் வாய்க்குப் பொருந்தும் பிவிசி மூடி ஒன்றில் துளையிட்டு, டியூப்லெஸ் டயர் வால்வைப் பொருத்தி, கிளாம்ப் போட்டு இறுக்கினேன். சிறிய கம்ப்ரசரில் ரெகுலேட்டரை 0.8 பாரில் வைத்துக் காற்று கொடுத்தேன். தயவுசெய்து பஞ்சர் கடையில் கொண்டுபோய் முழு அழுத்தத்தில் அடிக்காதீர்கள், மூடி தெறித்து முகத்தில் விழும். இன்டர்கூலரும் அதைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. பாத்திரம் துலக்கும் சோப்பைத் தண்ணீரில் கலந்து பிரஷால் தடவினேன். குழாயின் அடியில், ஓர் இரும்பு பிராக்கெட்டை உரசும் இடத்தில், விரல் நீளத்துக்கு நுரை பொங்கி வந்தது.

உரசக் காரணமும் அங்கேயே இருந்தது. குழாயைத் தள்ளிப் பிடித்திருக்க வேண்டிய கிளிப் இல்லை. ஒரு முனையில் கம்பெனி ஸ்பிரிங் கிளாம்ப், மறுமுனையில் கடையில் வாங்கிய ஸ்குரூ கிளாம்ப். பம்பரின் உள்பக்க ஸ்குரூக்களின் தலையில் ஸ்பேனர் தேய்த்த தழும்பு. எப்போதோ முன்பக்கம் இடித்து, யாரோ பிரித்து, அவசரத்தில் மாட்டியிருக்கிறார்கள். எனக்கு விற்றவர் ‘ஒரு கீறல்கூட விழாத வண்டி’ என்று சொல்லியிருந்தார். கீறல் இல்லைதான், பெயின்ட் புதியதாக இருந்தால் கீறல் எப்படி இருக்கும்?

கம்பெனிக் குழாய் 3,400 ரூபாய். கிளிப் 60 ரூபாய். மாட்டிவிட்டு மறுபடி பைபாஸ். அழுத்தம் 185, காற்று 54 கிராம். கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டும் பொருந்துகின்றன, கசிவு இல்லை. ஆனால் இரண்டுமே சற்றுக் குறைவு. இது வேறு நோய். என் வண்டியின் டர்போவில் இறக்கைகளின் கோணத்தை மாற்றுவது வேக்யூம். அதைக் கொண்டுபோகும் பென்சில் கனக் குழாய், எஞ்சின் சூட்டில் பத்து வருடம் வெந்து, சோலனாய்டின் முனையில் பிளந்திருந்தது. கையால் இயக்கும் வேக்யூம் பம்ப் ஒன்றை ஆலையிலிருந்து இரவல் வாங்கி வந்து இறக்கைகளின் கம்பியை நகர்த்தும் ஆக்சுவேட்டரில் நேரடியாக மாட்டினேன். கம்பி முழுதாக நகர்ந்து, அங்கேயே நின்றது. ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு (டயாஃப்ரம்) நல்லது, டர்போவின் கம்பியும் சிக்கவில்லை. குழாயை மட்டும் மாற்றியதும் 212 கிலோபாஸ்கல், 61 கிராம். குறியீட்டை அப்போதுதான் அழித்தேன். விளக்கு திரும்ப வரவில்லை.

பட்டறைக்காரர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. அவர் புது டர்போவைப் போட்டிருந்தால், பொருத்தும்போது அந்தக் குழாய்களையும் கழற்றி மாட்டியிருப்பார், கிழிசல் கண்ணில் பட்டிருக்கும், மாற்றியிருப்பார், வண்டி சரியாகியிருக்கும். டர்போதான் காரணம் என்று இருவருமே நம்பியிருப்போம். இந்தத் தொழிலில் தவறான முடிவுகள் இப்படித்தான் அனுபவமாகச் சேர்கின்றன.

அந்த அடாப்டரால் இன்னொரு நன்மையும் விளைந்தது. எங்கள் ஆலையின் ஸ்பின்னிங் மாஸ்டர் பழைய கார் ஒன்று பார்க்கப் போனபோது என்னையும் கூட்டிப்போனார். விற்பவர் சத்தியம் செய்யாத குறையாக, “விளக்கு எரிந்ததே கிடையாது சார்” என்றார். செயலியில் குறியீடு எதுவும் இல்லை. ஆனால் ‘குறியீடு அழிக்கப்பட்ட பின் ஓடிய தூரம்’ என்று ஓர் அளவு உண்டு. பலருக்கு அது தெரியாது. அதில் 11 கிலோமீட்டர் என்று இருந்தது. கணினி தன்னைத்தானே சரிபார்க்கும் சோதனைகளில் பாதி ‘முடியவில்லை’ என்ற நிலையில் இருந்தன. அன்று காலை யாரோ அழித்துவிட்டு, வண்டியைக் கழுவி நிறுத்தியிருக்கிறார்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் சில கார்களில் இப்படி ஆகும், எனவே குற்றம் சாட்டவில்லை. “நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறோம்” என்றார் மாஸ்டர். விற்பவருக்கு அன்று வேறு வேலை வந்துவிட்டது.

அடாப்டர் இல்லாதவர்கள் ஒன்றையாவது பாருங்கள்: சாவியைப் போட்டதும், ஸ்டார்ட் செய்யும் முன், அந்த மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிய வேண்டும். எரியவே இல்லை என்றால் கோளாறு இல்லை என்று பொருளல்ல, விளக்கு கெட்டிருக்கலாம், அல்லது யாரோ அதைத் துண்டித்திருக்கலாம் என்று பொருள். மஞ்சள் நிலையாக எரிந்தால் வீடுவரை நிதானமாக ஓட்டலாம். பெட்ரோல் காரில் அது மின்னி மின்னி எரிந்தால் ஏதோ ஒரு சிலிண்டர் எரியாமல் பெட்ரோலை சைலன்சருக்குள் துப்புகிறது. காலை எடுங்கள், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வெந்துபோகும். சிவப்பில் ஆயில் கேன் படம் வந்தால் அடுத்த பங்க் வரை என்றெல்லாம் கணக்குப் போடாமல் அந்த இடத்திலேயே அணைக்க வேண்டும்.

போன மாதம் வால்பாறை போனோம். நாற்பது வளைவும் ஏறி முடித்து, மேலே நிறுத்திச் சாவியை மட்டும் போட்டுப் பார்த்தபோது வெளிக்காற்று 89 கிலோபாஸ்கல். ஏறும்போது மனைவி ஓட்டினார். 200க்குக் கீழே இறங்கவில்லை. இப்போது செயலியில் பி0401 ‘நிலுவை’ என்று காட்டுகிறது. புகையை மறுபடி உள்ளே அனுப்பும் ஈஜிஆர் வால்வில் ஓட்டம் போதவில்லையாம். இத்தனை நாள் அந்தக் கிழிந்த குழாயால் உண்டான கரி அங்கேதான் போய் அடைந்திருக்கும் என்பது என் ஊகம். வால்வை மாற்றச் சொல்வார்கள், 14,000 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை கழற்றி, கார்பரேட்டர் கிளீனரும் பழைய டூத்பிரஷும் கொண்டு கழுவிப் பார்க்கப்போகிறேன். கேஸ்கெட் 120 ரூபாய்க்கு வாங்கி வைத்தாயிற்று.